இருபத்திரண்டாம் இதழுக்கு ஒரு திருத்தம்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் நீ நம்பமாட்டாய். மாடிப்படியைக் கண்டாலே இடது முட்டி மக்கர் செய்கிறது. மற்றபடி சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். மகனும் மகளும் ஞாயிறு தவறாமல் போன் செய்து மாத்திரை போட்டாயா என்று அதட்டுகிறார்கள். பெற்றதற்கு வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

நீ எப்படி இருக்கிறாய்? ரொட்டியும் முட்டையுமாகவே ஓட்டுகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். உன் மனைவி உன்னை விட்டுப் பிரிந்து போய் ஐந்து வருஷம் ஆகிறது. இனியாவது ஒழுங்காக ஒரு சோறு கறி ஆக்கக் கற்றுக்கொள்ளக் கூடாதா? அறுபத்தொரு வயது ஆளுக்கு இதைக் கடிதத்தில் எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொல்லலாமே என்பாய். போனில் பேசினால் உன்னோடு சண்டை போடுவேன், இல்லாவிட்டால் அழுவேன். கடிதம்தான் எனக்கு வசதி.

ஒரு செய்தி. நம் ஊர் வரலாற்றுச் சங்கத்தை மூடுகிறோம். மூன்று மாதத்துக்கு ஒன்றாக வந்த நம் மடலும் இத்தோடு சரி. நூலகத்து மாடியில் நமக்குக் கொடுத்திருந்த அறையை நூலகமே திருப்பிக் கேட்டுவிட்டது. அங்கே கணினி வைக்கப் போகிறார்களாம். கேட்காமல் இருந்திருந்தாலும் மூடத்தான் வேண்டும். உறுப்பினர்கள் ஒன்பது பேர். நாலு பேர் படுக்கையில், ஒருவர் மகன் வீட்டோடு போய்விட்டார், மிச்சம் நாலு பேர் கூடினால் மூன்று கட்சி. மழைக்காலத்தில் அந்த அறையின் கூரை ஒழுகி, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த கட்டுகள் எல்லாம் வீங்கிப் போயின. நல்லதாக இருந்தவற்றை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உன் பழைய அறை இப்போது காகிதக் குடோன்.

செயலாளர் யார் என்று நினைவிருக்கிறதா? நில அளவைக்காரர். பணி ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகியும் எதைப் பார்த்தாலும் எத்தனை அடி இருக்கும் என்று கண்ணால் அளப்பவர். அவர் வந்து உட்கார்ந்துகொண்டு, "கடைசி இதழ்ல நம்ம மடலோட வரலாற நீங்கதான் எழுதணும். மொத ஸ்டென்சில அடிச்சதே நீங்கதானே"ன்னு ஒரே பிடிவாதம். நான் தட்டச்சு செய்கிறவள், எழுதுகிறவள் இல்லை என்றேன். முப்பது வருஷமா மத்தவங்க எழுதினத அடிச்சீங்களே, ஒரு தடவ உங்களோடத அடிங்க என்றார். ஒப்புக்கொண்டுவிட்டேன்.

அதனால் ஒரு வாரமாகப் பழைய இதழ்களோடுதான் குடித்தனம். முதல் இதழைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன். நாலு பக்கம், நாற்பது பிரதி. 'மைல்கல்' என்று பெயர் வைக்கவே மூன்று மணி நேரம் வாதாடினீர்கள். என் அலுவலகத்து சைக்ளோஸ்டைல் இயந்திரத்தைச் சனிக்கிழமை மத்தியானம் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தினோம். நீ கைப்பிடியைச் சுற்றினாய், நான் தாள் எடுத்தேன். உன் வெள்ளைச் சட்டை அத்தனையும் மை. அந்தச் சட்டையைத் தலையணை உறையாக்கி இரண்டு வருஷம் வைத்திருந்தேன். மருந்துக்கடைக்காரர் கடைசிப் பக்கத்தில் இருமல் மருந்துக்கு விளம்பரம் கொடுத்தார். நூற்றுப்பதினேழு இதழிலும் அதே விளம்பரம், அதே வாசகம். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் மருமகன் நிறுத்தவில்லை.

பதினைந்தாம் இதழிலிருந்து அச்சகத்துக்குப் போனோம். படம் போட முடிந்தது. உன் அத்தான் தன் போட்டோ ஸ்டுடியோவிலிருந்து பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார். அவருடைய அப்பா காலத்து நெகட்டிவ் எல்லாம் தகரப் பெட்டியில் கவர் போட்டு, கவரின் மேல் பெயர் எழுதி இருந்தன. ஊரே அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று நீ குதித்தாய்.

திருத்தப் பெட்டியைப் பற்றித்தான் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். நம் மடலில் உருப்படியான விஷயம் அதுதான் என்பது என் எண்ணம். தப்பு எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கத்தில் கட்டம் கட்டித் திருத்தம் போட வேண்டும். அதில் மூன்று வரி. என்ன தப்பு, எது சரி, சுட்டிக்காட்டியவர் யார், எந்தத் தேதியில். கீழே, எழுதியவரே கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அச்சுக்குப் போகாது. "தப்பு பண்ணவன் வாயால வரணும்கா. சொன்னவங்களுக்கு அந்தப் பெருமை போய்ச் சேரணும்" என்பாய். பழைய தபால்காரரைக் 'காலஞ்சென்ற' என்று போட்டுவிட்டோமே, அவர் நேராகப் படியேறி வந்து நின்றாரே, அந்தத் திருத்தத்தைத் திரும்பப் படித்தேன். சுட்டிக்காட்டியவர்: அவரே. வாய்விட்டுச் சிரித்தேன். தனியாக இருக்கிற வீட்டில் அப்படிச் சிரிக்கக் கூடாது, நமக்கே பயமாக இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இருபத்திரண்டாம் இதழ்.

உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் கடைசி இதழைப் படிக்கப் போகிறவர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்பதால் எழுதிப் பார்த்தேன். நூல் ஆலைக் கிடங்கில் தீப்பிடித்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. மத்தியான நேரம். பின்கதவு பூட்டியிருந்ததால் ஒன்பது பெண்கள் வெளியே வர முடியவில்லை. சாவிக்கொத்து ஒன்றுதான், காவலாளிகள் இரண்டு பேர். நாள் மாற்றி நாள் ஒருவர் வைத்திருப்பார். அன்றைக்கு யார் முறை என்று எழுதின பதிவேடும் எரிந்துவிட்டது. பெரிய காவலாளி சின்னவரைச் சொன்னார், சின்னவர் பெரியவரைச் சொன்னார். விசாரணையில் 'தெரியவில்லை' என்று முடித்தார்கள். முப்பது வருஷம் ஊரும் அப்படியே விட்டுவிட்டது.

அப்புறம் அத்தானின் பெட்டியிலிருந்து அந்த நெகட்டிவ் கிடைத்தது. தீப்பிடித்த அன்று காலையிலேயே எடுத்த படம். மாற்றலாகிப் போகிற மேலாளர் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பக்கமும் ஒவ்வொரு காவலாளி, அதற்கப்பால் கணக்கர்கள். ஒரு காவலாளியின் இடுப்பில் சாவிக்கொத்து தொங்குகிறது. இரண்டு பேருக்கும் ஒரே காக்கி, ஒரே தொப்பி, ஒரே மீசை, முகம் மிளகளவு. கவரின் மேல் இடமிருந்து வலமாகப் பெயர்கள். எண்ணிப் பார்த்தோம். சின்னவர் என்று வந்தது. நீ முதல் பக்கத்தில் எழுதினாய். நம் மடலில் இரண்டாம் முறை அச்சடித்த ஒரே இதழ் அதுதான்.

பெரியவர் அப்போதே இறந்துபோயிருந்தார். சின்னவர் உயிரோடு இருந்தார். அவர் மகளைத்தான் நீ கட்டிக்கொள்வதாக இருந்தது. அதை அப்பாவும் நானும் சொல்லிப் பார்த்தோம். "உறவுன்னு பாத்தா வரலாறு எழுத முடியாதுக்கா" என்றாய். எனக்கு அன்றைக்கு உன்னை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது. எட்டு மாதத்தில் சின்னவர் போய்விட்டார். அதற்குள் நீ வெளிநாட்டில் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு போய்விட்டாய்.

தம்பி, அந்தப் படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது. கட்டுகளைப் பிரிக்கும்போது நெகட்டிவ் கிடைத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மடலில் வந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மடலில் கணக்கர்கள் அத்தனை பேருக்கும் சட்டைப் பை வலது பக்கம் இருக்கிறது. யாராவது வலது பக்கம் பை வைப்பார்களா? அத்தான் அவசரத்தில் நெகட்டிவைப் புரட்டி வைத்துவிட்டார் போலிருக்கிறது. சரியாகத் திருப்பினால் சாவி வைத்திருக்கிறவர் பெரியவர். சின்னவர் இடுப்பில் ஒன்றும் இல்லை.

திருத்தம் அடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட இடம் விட்டாயிற்று. மூன்றாவது வரியில் என் பெயரையும் இந்த மாதத்தையும் போட்டிருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். மாதக் கடைசிக்குள் வந்தால் நல்லது. இதை நினைத்து மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. அந்தக் காலத்தில் கையில் இருந்ததை வைத்து எழுதினாய். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

குளிர் காலம் இன்னும் முடியவில்லை என்று எழுதியிருந்தாய். காதை மூடிக்கொண்டு வெளியே போ. எல்லாம் நல்லபடியாக இருக்கட்டும்.

அன்புடன்,
உன் அக்கா

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் கவர் போன வெள்ளிக்கிழமை வந்தது. கையெழுத்து இருக்கும் என்று பிரித்தேன். நீ போடவில்லை. மூன்றாவது வரியைச் சிவப்பு மையில் சுற்றி, பக்கத்தில் இரண்டே வரி எழுதியிருக்கிறாய். 'சட்டைப் பை எந்தப் பக்கம் என்று பார்க்கிற கண் உனக்குக் கிடையாது அக்கா. அது யாருடைய கண் என்று எனக்குத் தெரியும். அவள் எப்போது சொன்னாள்?'

பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க உனக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தவள் நான். எனக்கா கண் இல்லை என்று முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து அணைந்ததுகூடத் தெரியவில்லை. மடலின் ஆசிரியர் வேலையை விட்டு இருபத்திநாலு வருஷம் ஆனாலும் ஆசிரியர் ஆசிரியர்தான். ஒரு வரியில் பிடித்துவிட்டாய்.

நீ நினைத்தது சரி. சின்னவரின் மகள்தான் சொன்னாள். இருபத்திரண்டாம் இதழ் வெளிவந்த பதின்மூன்றாம் நாள் சொன்னாள். கடிதமாக எழுதி அனுப்பினாள். அதை நான்தான் பிரித்தேன். நான்தான் மறைத்தேன்.

எழுதிவிட்டேன். இந்த மூன்று வாக்கியத்தை அடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

சங்கத்துக்கு வருகிற கடிதங்களை எல்லாம் நான்தான் பிரிப்பேன், பதிவேட்டில் எழுதி உன் மேசையில் வைப்பேன். அந்தக் கடிதத்தைப் பதிவேட்டில் எழுதவில்லை. கோடு போட்ட ஒரு முழுத் தாள். தான் தையல் வேலை பார்க்கிறவள் என்பதால் படத்தைப் பார்த்தவுடனே ஏதோ உறுத்தியது என்றும், ஆண்கள் சட்டைக்குப் பை இடது பக்கம்தான் வைப்பார்கள் என்றும், பொத்தான் பட்டியும் மாறியிருக்கிறது என்றும் எழுதியிருந்தாள். நெகட்டிவை எடுத்துத் திருப்பிப் பாருங்கள், அப்பா மேலாளருக்கு மறுபக்கம் போய்விடுவார் என்று எழுதியிருந்தாள். கோபமாக ஒரு வார்த்தை கிடையாது. எந்த வாத்தியார் திருத்தினாலும் தப்பு கண்டுபிடிக்க முடியாத கடிதம்.

படித்த உடனே மடலை எடுத்து வைத்துப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அதை நான் உன்னிடம் மறைக்கலாம், எனக்கே மறைக்க முடியுமா?

ஏன் செய்தேன் என்று கேட்பாய். அத்தான் அவசரத்தில் புரட்டி வைத்துவிட்டார் என்று போன கடிதத்தில் எழுதினேன். அது பொய். அவருக்கு அப்போதே பார்வை போய்க்கொண்டிருந்தது. உனக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. இருட்டறையில் படம் கழுவுகிற மருந்தைக் கையால் தடவித்தான் எடுப்பார். கூர்மை சரியாக இருக்கிறதா என்று பார்க்க என்னைக் கூப்பிடுவார். பிள்ளைகளைக்கூட உள்ளே விடமாட்டார். நெகட்டிவின் எந்தப் பக்கம் பளபளப்பு, எந்தப் பக்கம் மங்கல் என்று பார்த்து வைக்க வேண்டும். அவருக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். அந்த மாதம்தான் பள்ளிக்கூடத்துக்காரர்கள் அறுநூறு பிள்ளைகளுக்கும் படம் எடுக்கிற வேலையைத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். முதல் பக்கத்தில் கட்டம் கட்டி, 'படம் மாற்றி அச்சிடப்பட்டது' என்று வந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்களா? கண் தெரியாத போட்டோக்காரரிடம் யார் வருவார்கள்? எனக்கு இரண்டு பிள்ளைகள். ஒரு இதழ் தள்ளிப்போடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக ஒரு இதழ்தான்.

இருபத்திமூன்றாம் இதழ் வந்தது, இருபத்திநாலும் வந்தது, போயிற்று. பள்ளிக்கூட வேலை கைக்கு வந்தது. அத்தானுக்குக் கண்ணில் அறுவை செய்து கொஞ்சம் தெரிந்தது. இருபத்தைந்தில் போட்டுவிடலாம் என்று இருந்தேன். அந்த இதழ் அச்சகத்தில் இருக்கும்போது சின்னவர் இறந்துவிட்டார். இனிப் போட்டால் அவர் சாவுக்கு நாம்தான் காரணம் என்று ஆகிவிடும் என்று பயந்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு இதழ் அடிக்கும்போதும் முதல் பக்கம் வந்தால் என் விரல் நின்று நின்று போகும். தொண்ணூற்றைந்து இதழ் அப்படி அடித்திருக்கிறேன். இதுதான் நம் மடலின் வரலாறு. செயலாளர் கேட்டது இதுவாக இருக்காது.

இன்னும் ஒன்று இருக்கிறது. கடிதத்தின் கடைசி நாலு வரி ஆசிரியருக்கு எழுதியது இல்லை, உனக்கு எழுதியது. 'இதை அடுத்த இதழில் போடுங்கள். அப்பா உயிரோடு இருக்கும்போதே போடுங்கள். போட்டால் நானே வந்து உங்களைப் பார்க்கிறேன். போடாவிட்டால் அதுதான் உங்கள் பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்.'

நீ அவள் வீட்டுக்கு மூன்று முறை போனாய். மூன்று முறையும் அவள் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் முறை நேராக நூலகத்துக்கு வந்து மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாய். நான் காப்பி கொண்டுவந்து கொடுத்தேன். கொடுத்துவிட்டு, "விட்டுத் தள்ளுடா, அந்தக் குடும்பமே அப்படித்தான்" என்றேன். கடிதம் அப்போது என் கைப்பைக்குள் இருந்தது. மறைத்ததற்காவது ஒரு காரணம் சொன்னேன். இந்த வார்த்தைக்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை. அது வாயில் எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

உன் கவர் வந்த பிறகு செவ்வாய்க்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். இத்தனை வருஷம் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டிருந்தேன். கடைத்தெரு முக்கில் ஆறடி அகலக் கடை, இரண்டு தையல் இயந்திரம். முடி பாதி நரைத்துவிட்டது, கண்ணாடி போட்டிருக்கிறாள். அவளுக்குக் கல்யாணமாகி, வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். ஒரு பெண், கல்லூரியில் படிக்கிறாள். இதையெல்லாம் நீ என்னிடம் கேட்டதும் இல்லை, நானாகச் சொன்னதும் இல்லை. நல்ல மாதிரியாகத்தான் இருக்கிறாள். வெறும் கையோடு போகப் பயந்து, கிழியாத ஜன்னல் திரையை நானே கொஞ்சம் கிழித்து எடுத்துக்கொண்டு போனேன். இந்த வயதில் என் புத்தியைப் பார்.

அவள் துணியைப் பிரித்து அளவு எடுக்க ஆரம்பித்தாள். நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். கடிதம் வந்தது, நான் பிரித்தேன், அவனிடம் கொடுக்கவில்லை. அவள் அளவு நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "அவரு அத படிச்சாரா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இல்லை, இன்று வரை படிக்கவில்லை என்றேன். சுற்றிய நாடாவை எடுத்து மேசையில் வைத்தாள். "படிச்சிட்டுத்தான் போடலன்னு நெனச்சிட்டு இருந்தேன். இத்தன வருஷமும் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன்" என்றாள்.

அப்புறம் அவள் சொன்னதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். மறுபடியும் உனக்குச் சேர வேண்டியதை நான் வைத்துக்கொள்ளக் கூடாது.

இதழ் வந்த பிறகு சின்னவரை அவர் தெருவில் யாரும் திட்டவில்லையாம். கல்லெறியவில்லையாம். செத்துப்போன ஒன்பது பேரில் நாலு பேருடைய வீடு அந்தத் தெருவில்தான். பேச்சை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். அவர் நாள் முழுக்க அந்த மடலைக் கையில் வைத்துக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருப்பாராம். முதல் வாரம், "நான் இல்லம்மா, அன்னைக்கு அவன் முறை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு மாதம் கழித்து, "படத்துல என் இடுப்புலதானே இருக்கு, நான்தானோ? எனக்குத்தான் மறந்துபோச்சோ?" என்று மகளிடம் கேட்க ஆரம்பித்தாராம். அவள் சட்டைப் பையைக் காட்டி, படம் மாறியிருக்கிறது என்று விளக்கியிருக்கிறாள். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, "நீ என் பொண்ணு, நீ அப்படித்தான் சொல்லுவ. அச்சுல வரட்டும், அப்ப நம்புறேன்" என்றாராம். ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் மடல் வந்துவிட்டதா என்று கேட்டு அனுப்புவாராம். முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவாராம். இரண்டு முறை அப்படிப் பார்த்தார். அந்த ஒன்பது பேரையும் தான்தான் பூட்டி வைத்தோம் என்று நம்பிக்கொண்டே அவர் போயிருக்கிறார் தம்பி.

நாம் ஊருக்குள் சொன்னதைப் பற்றித்தான் இத்தனை நாள் எனக்கு வருத்தம். அவருக்கே அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டோம் என்பது எனக்குத் தெரியாது.

நான் அழுதேன். அவள் அழவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். இனி அச்சில் போட்டு என்ன ஆகப்போகிறது என்று நான்தான் தளர்ந்துபோய்ச் சொன்னேன். அதற்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. "போடுங்க. அப்பா படிக்க மாட்டாரு. எம்பொண்ணு படிப்பா. அந்தத் தெருவுல நாலு வீடும் படிக்கட்டும்" என்றாள். பிறகு திரையை எடுத்து வைத்துக்கொண்டு வியாழக்கிழமை வாங்கிக்கொள்ளச் சொன்னாள். வியாழக்கிழமை போனேன். அவள் இல்லை, பெண்தான் எடுத்துக் கொடுத்தாள். மடித்துத் தைத்திருந்த ஓரம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

அவளுடைய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பெயருக்கு வந்தது, இன்றைக்குத்தான் உன்னிடம் வருகிறது. நாலாக மடித்த இடத்தில் தாள் விட்டுப்போயிருக்கிறது, பார்த்துப் பிரி.

திருத்தத்தையும் புதிதாக அடித்திருக்கிறேன். பெரியவரைப் பற்றி, சாவி அவர் இடுப்பில் இருந்தது என்று மட்டும் போட்டிருக்கிறேன். கதவு ஏன் பூட்டியிருந்தது என்று நமக்குத் தெரியாது. அவருக்காகப் பேசவும் ஆள் இல்லை. அன்றைக்கே இப்படி எழுதியிருக்கலாம். மூன்றாவது வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். அவள் பெயரையும், கடிதத்தில் இருக்கிற தேதியையும் உன் கையால் எழுது. அந்தத் தேதியைப் பார்த்தால் இத்தனை வருஷம் இது எங்கே இருந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். அதனால் கீழே நாலாவதாக ஒரு வரி அடித்திருக்கிறேன். 'கடிதத்தை மறைத்து வைத்தவர்: இம்மடலின் தட்டச்சாளர், அன்றைய ஆசிரியரின் அக்கா.' நம் திருத்தப் பெட்டியில் நாலாவது வரி கிடையாது என்று செயலாளர் முணுமுணுத்தார். படித்துவிட்டு, கட்டத்தை அரை அங்குலம் நீட்டிக் கோடு போட்டார். அத்தானின் கண்ணைப் பற்றி எதுவும் போடவில்லை. அவர் இல்லை, அவர் மேல் ஏன் போட வேண்டும்? என் பிள்ளைகளுக்கு எழுதிவிட்டேன். போன ஞாயிறு மகள் போன் செய்யவில்லை.

ஆசிரியர் நீ. எந்த வரியை வேண்டுமானாலும் வெட்டு, மாற்று. நாலாவது வரியை மட்டும் அக்கா ஆயிற்றே என்று அடித்துவிடாதே. சின்ன வயதில் நான் செய்ததற்கு எத்தனையோ தடவை நீ அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறாய். இந்த ஒன்றை என்னிடமே விட்டுவிடு.

அச்சகத்தில் இருபதாம் தேதி வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டு அதை மட்டும் அனுப்பு. எனக்கென்று தனியாக ஒரு வரி எழுத வேண்டும் என்று இல்லை. இனி நான் எழுதுகிற கடிதங்களை நீ பிரிப்பாயோ, ஒரு மூலையில் போடுவாயோ, அது உன் இஷ்டம். மாதம் ஒன்று வரும்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ நூறு வயது இருக்க வேண்டும். என் மேல் கோபத்தோடு இருந்தாலும் சரி, நன்றாக இரு.

உன் அக்கா